அந்தத் தொகைக்கு இந்த வீடு வருமா?

நேயர்களுக்கு வணக்கம். வீடு கட்ட முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் கான்ட்ராக்டர்கள் விலை எழுதித் தந்த மூன்று நான்கு கொட்டேஷன்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே மனை, ஒரே வரைபடம்தான். ஆனால் ஒருவர் கேட்கும் தொகைக்கும் இன்னொருவர் கேட்கும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். உடனே மனசு ஒரு கணக்குப் போடும்: அதிகம் கேட்பவர் கொள்ளையடிக்கிறார், குறைவாகக் கேட்பவர் நியாயமானவர். கட்டட மதிப்பீடு போடுவது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் இந்தக் கணக்கு தப்பு. நால்வரும் ஒரே வீட்டுக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். வரைபடம் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொருவரும் மனசுக்குள் கட்டியது வேறு வேறு வீடு.

குழப்பம் ஆரம்பிப்பது சதுர அடி விலையில். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னதும் நாம் அதைப் பரப்பளவால் பெருக்கிவிடுகிறோம். எந்தப் பரப்பளவு? சுவரின் கனத்தையும் சேர்த்தா, சுவருக்குள் இருக்கும் தரை மட்டுமா? பால்கனியும் போர்டிகோவும் முழுசாகச் சேருமா, பாதியா? மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேல் வரும் அறை சேருமா? தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கேட் இதெல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறதா? ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் எதையும் சேர்க்காமல் விலையைக் குறைத்துக் காட்டியிருப்பார்.

அது மட்டுமில்லை, வீட்டின் வடிவமும் செலவை மாற்றும். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள வீட்டுக்குப் பரப்பு 100 சதுர மீட்டர், வெளிச்சுவர் 40 மீட்டர். அதே 100 சதுர மீட்டரை 20க்கு 5 என்று நீளவாக்கில் கட்டினால் வெளிச்சுவர் 50 மீட்டர் ஆகிவிடும். சுவர், பூச்சு, பெயிண்ட், அஸ்திவாரம் எல்லாம் அங்கே கால் பங்கு கூடும். சின்ன வீட்டுக்கும் சமையலறை, குளியலறை, குழாய், வயரிங் எல்லாம் உண்டு. செலவு அதிகமாகும் இடங்களே இவைதான். அதனால் சின்ன வீட்டுக்குச் சதுர அடி விலை பெரிய வீட்டைவிடக் கூடுதலாக வருவது இயல்பு. தெரிந்தவர் ஒருவர் பெரிய வீடு கட்டிய விலையை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது சரிவராது.

சரி, ஒரு தொகை நடக்கக்கூடியதா என்று நாமே எப்படிப் பார்ப்பது? முழு வீட்டுக்கும் கணக்குப் போட வேண்டாம். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கூரைத் தளத்தைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதில் மறைக்க எதுவுமில்லை. 100 சதுர மீட்டர் தளம், 125 மில்லிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட் பன்னிரண்டரை கனமீட்டர். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் ஒரு கனமீட்டருக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய எட்டு வேண்டும். ஆக, தளத்துக்கு மட்டும் 100 மூட்டை. மணல் ஐந்து கனமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஜல்லி பத்தரை கனமீட்டர். கம்பி சராசரியாக ஒரு டன்னை ஒட்டி வரும். சரியான அளவைக் கட்டமைப்பு வரைபடம் சொல்லும். கம்பி எடைக்கு எளிய சூத்திரம் உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ.

இவற்றின் இன்றைய விலையைக் கடையில் கேட்டு, சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் பலகை, முட்டு இவற்றின் வாடகையும் ஆள் கூலியும் சேருங்கள். கொட்டேஷனில் தளத்துக்குப் போட்டிருக்கும் தொகை பொருள் விலைக்கே பற்றவில்லை என்றால், அவர் கம்பியில் குறைப்பார், அல்லது சிமெண்டில் குறைப்பார், அல்லது பாதி வேலையில் வந்து கூடுதல் பணம் கேட்பார். வேறு வழி அவருக்கு இல்லை. எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், பொருள் விலைக்குக் கீழே வீடு கட்ட முடியாது.

மிகக் குறைந்த தொகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971இல் கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவராகவே இருப்பார் என்று காட்டினார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் இது தலைகீழாக நடக்கும். ஐந்து பேர் கணக்குப் போடும்போது, எதையாவது விட்டுவிட்டவரின் தொகைதான் அடியில் வந்து நிற்கும். அவர் ஏமாற்றுகிறவர் என்று அர்த்தமில்லை. கணக்கில் மறந்திருக்கலாம். ஆனால் மறந்த செலவு கடைசியில் யார் தலையிலாவது விழும்.

அந்த விடுபட்ட செலவு அதிகமாக ஒளிந்திருப்பது மண்ணுக்குக் கீழே. அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஆழம் என்று எழுதாத கொட்டேஷனை நான் கொட்டேஷனாகவே எடுத்துக்கொள்வதில்லை. மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரத்துக்கு உறுதியான விலை சொல்பவர் ஊகத்தைத்தான் சொல்கிறார். அடுத்தது டைல்ஸ், குழாய், கதவு. இவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் போனால் உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று கடையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வரி, அனுமதிக் கட்டணம், மனையை மேடாக்கும் மண், கட்டும்போது ஆகும் தண்ணீரும் மின்சாரமும் யார் கணக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உயர்ந்த தொகை மட்டும் உண்மையானது என்றும் சொல்ல மாட்டேன். கையில் நிறைய வேலை இருக்கும் கான்ட்ராக்டர், கிடைத்தால் கிடைக்கட்டும் என்று தூக்கிச் சொல்வதுண்டு.

இதற்கெல்லாம் நான் நம்பும் வழி ஒன்றுதான். பொறியாளரிடம் அளவுப் பட்டியல் ஒன்று வாங்கிவிடுங்கள். எத்தனை கனமீட்டர் கான்கிரீட், எத்தனை சதுர மீட்டர் பூச்சு, எத்தனை மின் இணைப்புப் புள்ளி என்று வரிவரியாக இருக்கும். அதற்கு ஆகும் கட்டணம் வீட்டுச் செலவில் சின்னப் பங்குதான். விலைக் கட்டத்தைக் காலியாக விட்டு, எல்லாக் கான்ட்ராக்டருக்கும் அதே பட்டியலைக் கொடுங்கள். ஒரு வரியில் மட்டும் ஒருவர் ரொம்பக் கீழே இருந்தால், அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். சில சமயம் நல்ல காரணம் இருக்கும்; சென்ட்ரிங் பலகை அவருடைய சொந்தமாக இருக்கலாம். காரணம் சொல்ல முடியாமல் "பார்த்துக்கலாம் சார்" என்றால், அந்த விலையை நம்பாதீர்கள்.

பணம் தரும் தவணைகளையும் அதே கவனத்தோடு பாருங்கள். குறைந்த விலை சொல்லி, அஸ்திவாரம் முடியும் முன்பே பாதித் தொகை கேட்டால், அவர் உங்கள் பணத்தில் வேறொரு வீட்டை முடிக்கப்போகிறாரோ என்ற சந்தேகம் வர வேண்டும். முடிந்த வேலைக்குத்தான் பணம். கொஞ்சம் தொகையைக் கடைசி வரை நிறுத்தி வையுங்கள்.

அப்புறம், நியாயமான விலை கைக்கு எட்டவில்லை என்றால்? கான்ட்ராக்டரைக் கசக்கிப் பிழிய வேண்டாம், வரைபடத்தைத் திருத்துங்கள். ஓர் அறையைக் குறையுங்கள், வளைவுகளையும் மூலைகளையும் எடுத்துவிடுங்கள், குளியலறைகளைச் சமையலறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குழாய் நீளத்தைக் குறையுங்கள். மாடியைப் பிறகு கட்டலாம் என்றால், அதைத் தாங்கும் அஸ்திவாரத்தை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு அதைச் சேர்ப்பது மிகவும் கடினம். நன்றி, வணக்கம்.