மார்கரீத் பெரே: 87-ஆம் தனிமத்தைப் பிடித்தவர்

வணக்கம் நண்பர்களே. தனிம அட்டவணை பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரமாக அப்படியே கீழே இறங்குங்கள். சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம், அதற்கும் கீழே 87, பிரான்சியம். இதைக் கண்டுபிடித்தவர் மார்கரீத் பெரே. அப்போது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம்கூடக் கிடையாது.

1909-ல் பாரிஸ் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். டாக்டராகும் ஆசை பணமில்லாமல் நின்றுபோனது. டெக்னீஷியன் டிப்ளமோவோடு 1929-ல் ரேடியம் ஆய்வகத்துக்கு வேலை கேட்டுப் போனார். கறுப்பு உடையில் ஓசைப்படாமல் ஒரு பெண்மணி வந்தார். யாரோ செயலாளர் என்று நினைத்துவிட்டார் பெரே. வந்தவர் மேரி கியூரி!

கிடைத்த வேலை, ஆக்டினியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை (அட்டவணையில் எண் 89) சுத்தம் செய்வது. லேசான வேலை இல்லை. ஆக்டினியம் சிதையச் சிதைய அதற்குள்ளேயே வேறு தனிமங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். பிரித்தெடுத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து அளந்தால், வருவது ஆக்டினியத்தின் கதிர்வீச்சு மட்டுமல்ல, அதிலிருந்து முளைத்த வாரிசுகளின் கதிர்வீச்சும் சேர்ந்துதான். 1934-ல் கியூரி இறந்த பிறகும் பெரே இதே வேலையில்தான் இருந்தார். கை அவ்வளவு பழகிவிட்டது.

அதன் பலன் 1939 ஜனவரியில் தெரிந்தது. ஆக்டினியத்தை மளமளவென்று சுத்தம் செய்து உடனே அளந்தார். யாரும் எதிர்பார்க்காத ஒரு பீட்டா கதிர்வீச்சு (அணுக்கருவிலிருந்து பாயும் எலக்ட்ரான்கள்), கண்ணெதிரே ஏறிக்கொண்டே போனது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம், சுமார் 21 நிமிடம். சரி, இது எந்தத் தனிமம்? கரைசலில் சீசியம் உப்பைச் சேர்த்து, அதைத் திடமாக அடியில் படிய வைத்தார் (வீழ்படிவு). புதிய கதிரியக்கம் சீசியத்தோடு ஒட்டிக்கொண்டே இறங்கியது. அப்படியானால் இதுவும் சீசியம் குடும்பம்தான். ஆக்டினியத்தில் 100-க்கு ஏறக்குறைய ஒரு அணு ஆல்ஃபா துகளை (அதில் இரண்டு புரோட்டான்கள் உண்டு) விட்டு 87 ஆகிறது. 89-லிருந்து இரண்டு போனால் 87, கணக்கு நேராக இருக்கிறது. 87-ஐக் கண்டுபிடித்துவிட்டதாக, வர்ஜினியம், மால்டேவியம் என்று முன்பே பெயரெல்லாம் வைத்து அறிவித்தவர்கள் உண்டு. ஒன்றும் நிலைக்கவில்லை. நிதானமாக அளந்திருந்தால் பெரேவும் இதைத் தவறவிட்டிருப்பார். இது முழுக்க முழுக்க கைத்திறனுக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம்தான் படிப்பு. 1946-ல் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். தனிமத்துக்குத் தன் நாட்டின் பெயரையே வைத்தார். 1949-ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அணுக்கரு வேதியியல் பேராசிரியர்.

பிரான்சியம் புற்றுநோயைக் கண்டறிய உதவும் என்று மிகவும் நம்பினார். அது நடக்கவில்லை. அவரையே புற்றுநோய் பிடித்தது. கதிரியக்கப் பொருள்களோடு கழிந்த வாழ்க்கை அது. 1975-ல் இறந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பிரெஞ்சு அறிவியல் அகாதமி 1911-ல் மேரி கியூரியைத் தேர்ந்தெடுக்கவில்லை, பின்னர் அவர் மகள் ஐரீனையும் சேர்க்கவில்லை. 1962-ல் அங்கே தேர்வான முதல் பெண், அவர்கள் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்த பெரேதான். அதுவும் முழு உறுப்பினராக இல்லை, தொடர்பு உறுப்பினராக மட்டும். முழு உறுப்பினராக ஒரு பெண் வர 1979 ஆனது.