கோத்தோவிலிருந்து வந்த பலகைக்காரன்

நேயர்களுக்கு வணக்கம்.

டோக்கியோ நகரின் கிழக்கே, விரிகுடாவை ஒட்டி, கோத்தோ என்றொரு வட்டாரம் இருக்கிறது. கால்வாய், பாலம், கிடங்கு, கடலைத் தூர்த்து எடுத்த நிலம். யூதோ ஹொரிகோமே 1999 ஜனவரி 7 அன்று பிறந்தது அங்கேதான். அப்பா ரியோதா டாக்சி ஓட்டுநர். வாலிபத்தில் அவரும் தெருவில் ஸ்கேட்போர்டு ஓட்டியவர். அப்பாவைப் பார்த்து ஆறு வயதில் பிள்ளையும் பலகை மேல் ஏறிவிட்டான்.

ஸ்கேட்போர்டு என்பது நான்கு சக்கரம் வைத்த ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். காலைப் பலகையோடு கட்டிவைக்க வாரோ பட்டையோ கிடையாது. இந்த விளையாட்டில் ‘ஸ்ட்ரீட்’ என்று ஒரு பிரிவு உண்டு. தெருவில் நாம் தினமும் தாண்டிப் போகிற படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை விளிம்பு, சரிவு எல்லாவற்றையும் திடலுக்குள் கொண்டுவந்து வைத்து, அவற்றின் மேல் வித்தை காட்டச் சொல்வார்கள். யூதோ அந்தப் பிரிவுக்காரர்.

ஜப்பானில் இதற்கு நல்ல பெயர் இருந்ததில்லை. நெரிசலான சாலையில் பலகை ஓட்டினால் சட்டம் தடுக்கும். பூங்காக்களில் ‘ஸ்கேட்போர்டு கூடாது’ என்று அறிவிப்பு மாட்டியிருப்பார்கள். சத்தம், இடைஞ்சல், தறுதலைப் பிள்ளைகள் என்ற பேச்சு வேறு. தொழில்முறை ஆட்டக்காரர் ஆக வேண்டுமென்றால் அமெரிக்கா போக வேண்டும் என்று பதின்பருவத்திலேயே முடிவெடுத்து, யூதோ கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத ஒரு பையன், இந்த விளையாட்டு பிறந்து வளர்ந்த இடத்துக்கே போய் நிற்கிறான். அதற்கு வேண்டிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

2018-இல் ஸ்ட்ரீட் லீக் என்ற பெரிய தொடரில் லண்டன், லாஸ் ஏஞ்சல்ஸ், ஹண்டிங்டன் பீச் என்று மூன்று இடங்களில் வென்றார். 2019 உலகப் போட்டியில் அமெரிக்கர் நைஜா ஹியூஸ்டனிடம் தோற்று இரண்டாம் இடம். 2021 ஜூனில் ரோம் நகரில் அதே ஹியூஸ்டனைத் தாண்டி உலக சாம்பியன்.

அடுத்த மாதம், 2021 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. ஸ்கேட்போர்டு முதல்முறையாக ஒலிம்பிக்கில் நுழைகிறது. திடல் அரியாக்கே என்ற இடத்தில். அரியாக்கே இருப்பது கோத்தோ வட்டாரத்தில்! பிறந்து வளர்ந்த பேட்டையிலேயே, வரலாற்றின் முதல் தங்கத்தை யூதோ வாங்கினார். கொரோனா காலம் என்பதால் பார்வையாளர் யாரும் இல்லை. அன்று பத்துக்கு 9.03, 9.35, 9.50, 9.30 என்று நான்கு வித்தைகளுக்கு வாங்கிய மதிப்பெண்கள் சேர்ந்து 37.18. பிரேசிலின் கெல்வின் ஹோஃப்லருக்கு 36.15. சந்தேகத்துக்கே இடமில்லாத வெற்றி.

சொந்த ஊர், முதல் ஒலிம்பிக், முதல் தங்கம் என்பதால் யூதோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பேசுவார்கள். எனக்கென்னவோ இரண்டாவது தங்கம்தான் பெரியதாகப் படுகிறது.

டோக்கியோவுக்குப் பிறகு அவருக்கு இறங்குமுகம். பின்னாலேயே ஒரு புதுத் தலைமுறை வந்துவிட்டது, அதுவும் சொந்த நாட்டிலிருந்தே. சோரா ஷிராய் 2023 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியை வென்றார். கின்வூ ஒனோதெரா 2010-இல் பிறந்த பிள்ளை. ஒரு நாட்டுக்கு ஒலிம்பிக்கில் மூன்று இடம்தான். ஜப்பானிலோ உலகத் தரத்தில் ஒரு கூட்டமே இருக்கிறது. நடப்பு ஒலிம்பிக் சாம்பியனுக்கே 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு டிக்கெட் கிடைக்குமா என்பது கடைசி வரை சந்தேகம். 2024 ஜூனில் புடாபெஸ்டில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்துத்தான் உள்ளே வந்தார்.

சரி, பாரிஸ். ஜூலை 27-இல் நடக்க வேண்டிய போட்டி மழையால் 29-க்குத் தள்ளிப்போனது. இறுதிச் சுற்றில் எட்டுப் பேர். முதலில் ஆளுக்கு இரண்டு முறை, 45 விநாடி திடல் முழுக்க ஓட்ட வேண்டும். இரண்டில் நல்லது ஒன்று கணக்கில் சேரும். அப்புறம் ஐந்து தனி வித்தைகள். அதில் நல்லவை இரண்டு சேரும். ஒவ்வொன்றுக்கும் நூறு மதிப்பெண். தனி வித்தையில் விழுந்தால் பூஜ்யம்.

ஓட்டத்தில் யூதோவுக்கு 89.90. தனி வித்தையில் நான்கு முயற்சி முடிந்தபோது நின்றது ஒன்றே ஒன்று, அதற்கு 94.16. மற்ற மூன்றிலும் விழுந்தார். எட்டுப் பேரில் ஏழாவது இடம். கையில் இருப்பது ஒரே ஒரு முயற்சி. இறுதிப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட்டால், தங்கத்துக்கு அவருக்கு 96.98-க்கு மேல் வேண்டியிருந்தது. எளிய வித்தை ஒன்றைச் செய்து கௌரவமாக முடித்துக்கொள்ளலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அந்த ஒரு விநாடியை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சரிந்து இறங்கும் கைப்பிடிக் கம்பியை நோக்கி வேகமாக வருகிறார். பலகையின் பின்நுனியைத் தட்டி எழும்புவதுதான் வழக்கம். இவர் முன்நுனியை முன்காலால் தட்டி எழும்புகிறார். அதற்கு ‘நோலி’ என்று பெயர். காற்றிலேயே உடம்பும் பலகையும் சேர்ந்து முக்கால் சுற்றுச் சுற்றுகின்றன. பலகையின் ஒரு பக்க நுனி கம்பியில் சாய்ந்து பதிய, அப்படியே சறுக்கி இறங்குகிறார். சுற்றும்போது பாதி நேரம் கம்பி கண்ணுக்கே தெரியாது. பாதம்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

97.08.

மொத்தம் 281.14. ஏழாவது இடத்தில் இருந்தவர் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அமெரிக்காவின் ஜாகர் ஈட்டனுக்கு 281.04, ஹியூஸ்டனுக்கு 279.38. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.10.

அரியாக்கேயில் அவர் முதல் தங்கம் வாங்கிய திடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை இடித்துவிடாமல் சீரமைத்து, 2024 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் பூங்காவிலிருந்து விரட்டப்பட்ட பலகைகள், கோத்தோவில் இப்போது அங்கே உருண்டுகொண்டிருக்கின்றன.