குறைப்பு

வணக்கம். இந்நேரம் உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து, "அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறை" என்று ஒரு குரல் வந்திருக்கும். அந்தக் 'குறை'யைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். வல்லின ற, நாய் குரைப்பது வேறு.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோயில் திருவிழாக் கச்சேரி, தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, நடக்கிறது. பக்கத்திலிருந்த மாமா என் தொடையில் தட்டி, "டேய், குறைப்பு வருது, தாளத்தை விட்டுடாதே" என்றார். சரி, சத்தத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்று மைக் செட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேடையிலோ ஆரவாரம் ஏறிக்கொண்டே போகிறது! தாளத்தையும் விட்டுவிட்டேன்.

எது குறைந்தது என்று புரியச் சில வருடங்கள் ஆயின. ஆதி தாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தாளத்தின் ஒரு சுற்றுதான் ஆவர்த்தனம், அதற்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. பெரும்பாலும் மிருதங்கம் 2 ஆவர்த்தனம் வாசிக்கும், கஞ்சிரா அதே அளவுக்குப் பதில் சொல்லும். அப்புறம் ஆளுக்கு ஒன்று. அப்புறம் பாதி, அதாவது 4 அட்சரம். அப்புறம் 2, அப்புறம் 1. பிறகு இருவரும் சேர்ந்துகொண்டு மோரா, கோர்வை என்னும் முத்தாய்ப்புகளை வாசித்து முடிப்பார்கள். குறைவது ஒருவரின் முறைக்குக் கிடைக்கும் நீளம் மட்டும்தான். தாளம் குறைவதில்லை, காலப்பிரமாணமும், அதாவது வேகமும், மாறுவதில்லை. திரும்பவும் சொல்கிறேன், மாறுவதில்லை. கையில் போட்டுப் பாருங்கள், அதே நிதானம்தான். வீட்டுச் சண்டையைக் கேட்டிருப்பீர்களே? முதலில் ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு ஆளுக்கு ஒரு வரி, பிறகு ஒரு சொல், கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அதுதான் குறைப்பு.

இதை விட்டுவிட்டுப் பாதி சபை காப்பிக்கு எழுந்து போகிறதே, அதைப் பேச ஆரம்பித்தால்... வேண்டாம்.

பாடகரும் வயலின்காரரும் மேடையிலேயே கற்பனை செய்யும் கற்பனை ஸ்வரத்தில் இதையே செய்வார்கள். சாகித்தியத்திலும், அதாவது பாட்டின் சொற்களிலும், குறைத்துக் காட்டியவர் முத்துசாமி தீட்சிதர். ஆனந்தபைரவி ராகத்தில் 'தியாகராஜ யோக வைபவம்' என்று எடுப்பார். அடுத்து 'அகராஜ யோக வைபவம்', 'ராஜ யோக வைபவம்', 'யோக வைபவம்', 'வைபவம்', 'பவம்', 'வம்'. பசுவின் வால் மெலிவதுபோல் இருப்பதால் கோபுச்ச யதி என்று பெயர்.

இலக்கணத்தில் வரும் குறுக்கங்களை, அதாவது எழுத்தின் ஒலி அளவு குறைவதை, பற்றி நாலு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்ததென்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: 'நாடு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு 1 மாத்திரை உண்டு; நாம் கொடுப்பது அரை. குற்றியலுகரம். வணக்கம்.