வடதுருவக் கப்பல் பாதை: நம்ம தேயிலைக்கு லாபமா?

[திரையில்: தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு இறங்கும் தேயிலை லொறி]

வணக்கம். நம்ம மலையகத் தேயிலை கொழும்பில் ஏலம் போய்க் கொள்கலனில் ஏறி ஐரோப்பாவுக்குப் போக வழக்கமான வழி செங்கடலும் சுயஸ் கால்வாயும்தான். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒரே கப்பல் அங்கே குறுக்கே சிக்கி ஆறு நாள் எல்லாவற்றையும் நிறுத்தியது, 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆபிரிக்காவையே சுற்றிப் போகவேண்டி வந்தது. அதனால்தான் வடக்கே பனி உருகுவதைக் காட்டி, இதோ புது வழி என்று பலர் சொல்கிறார்கள்.

[திரையில்: வடதுருவத்தை மேலிருந்து காட்டும் வரைபடம்]

1980களில் செப்டெம்பர் மாதம் ஏறத்தாழ 7 மில்லியன் சதுர கிலோமீற்றர் இருந்த கடற்பனி, 2012 செப்டெம்பரில் 3.4 மில்லியனாகச் சுருங்கியது. நெதர்லாந்தின் ரொட்டர்டாமிலிருந்து ஜப்பானின் யொகோஹாமாவுக்கு சுயஸ் வழியாக 20,000 கிலோமீற்றருக்கு மேல். ரஷ்யாவின் சைபீரியக் கரையோரமாகப் போனால் சுமார் 13,000தான். 2018இல் வென்டா மேர்ஸ்க் அந்த வழியாகப் போன முதல் கொள்கலன் கப்பலானது.

சரி, நமக்கு? உலக உருண்டையில் கொழும்பிலிருந்து ஒரு நூலை வைத்துப் பாருங்கள். மலாக்கா, தென்சீனக் கடல், ஜப்பான் எல்லாம் தாண்டி அந்த வடக்குப் பாதை தொடங்கும் பெரிங் நீரிணைக்குப் போய்ச் சேரும் தூரத்துக்குள், சுயஸ் வழியாக ரொட்டர்டாமே வந்துவிடும்! நம்ம தேயிலைக்கு இது குறுக்கு வழியே இல்லை. கொழும்புத் துறைமுகம் படுத்துவிடும் என்று பயமுறுத்துவதையும் நம்பாதீர்கள், அங்கே கப்பல் மாற்றி ஏற்றும் சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது, அது வடக்கே போகாது.

[திரையில்: பனியில் சிக்கிய கப்பல்கள்]

கொள்கலன் கப்பல் நிறுவனங்களுக்கு நேர அட்டவணைதான் உயிர். பனியோ காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப நகரும், 2021 நவம்பரில் எதிர்பார்த்ததற்கு முன்பே கடல் உறைந்து இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மாட்டிக்கொண்டன, பனி உடைக்கும் கப்பல்கள் போய் மீட்க வேண்டியிருந்தது. அப்புறம், அந்த வழியில் சைபீரியாவுக்கு வடக்கே உள்ள சன்னிக்கோவ் நீரிணை போன்ற இடங்களில் ஆழம் போதாது, பெரிய கப்பல்கள் நுழையவே முடியாது. 2024இல் அந்தப் பாதையில் போனது சுமார் 38 மில்லியன் தொன், அதிலும் பெரும்பகுதி ரஷ்யாவின் எண்ணெயும் எரிவாயுவும். வழக்கமான ஆண்டில் சுயஸில் 1,000 மில்லியன் தொன்னுக்கு மேல் போகும்.

எனக்குப் பெரிய கவலை புகைக்கரிதான். கப்பல்கள் எரிக்கும் கனரக எண்ணெயின் கரி வெள்ளைப் பனியில் படிந்தால் கரி வெயிலை உறிஞ்சி, பனி இன்னும் வேகமாக உருகும். அந்த எண்ணெய்க்கு 2024 ஜூலையிலிருந்து ஆர்க்டிக் எனும் வடதுருவக் கடலில் தடை இருக்கிறது, ஆனால் ஒரு பகுதிக் கப்பல்களுக்கு 2029 வரை விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். பருவநிலை மாறி மழை தப்பினால் கொழுந்து குறைந்து, கொழுந்து குறைந்தால் சம்பளம் குறைகிற நம்ம தோட்டங்களிலிருந்து பார்க்கும்போது, அந்த விலக்கை ஏற்கவே முடியவில்லை.