கழிவு என்று ஒதுக்கிய மஞ்சள்

அவையோருக்கு வணக்கம்.

வடசென்னைக் கூட்டத்தில் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும். குத்து வாங்கிய கன்னம் முதலில் கருநீலமாகக் கன்றுகிறது. சில நாட்களில் பச்சை படர்கிறது, பிறகு மஞ்சளாகி மறைகிறது. தோலுக்கடியில் தேங்கிய இரத்தத்தின் ஹீம் என்ற பொருளை ஒரு நொதி பச்சை நிற பிலிவெர்டினாக உடைக்கிறது, இன்னொரு நொதி அதை மஞ்சள் பிலிரூபினாக மாற்றுகிறது. சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்களுக்கும் உடலுக்குள் இதே கதிதான்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. பிலிவெர்டின் நீரில் கரையும், அப்படியே வெளியேற்றிவிடலாம். கோழி அதைத்தான் செய்கிறது. கறிக்கடையில் பித்தப்பை உடைந்தால் பச்சையாக வழிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடலோ மெனக்கெட்டு ஆற்றலைச் செலவிட்டு, அதை நீரில் கரையாத பிலிரூபினாக்குகிறது. பிறகு ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு சேர்த்துக் கல்லீரலுக்கு அனுப்பி, அங்கே மறுபடியும் கரைய வைத்துப் பித்தத்தில் விடுகிறது. வெறும் குப்பைக்கு இவ்வளவு செலவா?

1987ல் ஸ்டாக்கர், ஏம்ஸ் முதலிய ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். பிலிரூபின் வலுவான ஆக்சிஜனேற்றத் தடுப்பான், அதாவது ஆக்சிஜன் பொருட்கள் செய்யும் சேதத்தைத் தடுப்பது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். காயமோ கிருமியோ பட்ட இடம் சிவந்து வீங்குவதை அழற்சி என்கிறோம். அதற்கும் பிலிரூபினுக்கும் என்ன தொடர்பு? கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் கக்கும் வினைமிகு ஆக்சிஜன் பொருட்கள் பக்கத்துத் திசுக்களையும் சேர்த்தே சுடுகின்றன. பிலிரூபின் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. அதோடு நிற்கவில்லை. வெள்ளணுக்கள் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி, நழுவித் திசுவுக்குள் நுழைவதையும் அது தடுப்பதாக எலிகளிலும் செல் ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். சொந்த உடலையே தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களையும் எலிகளில் அது அடக்கியது. அழற்சி மூண்ட இடத்தில் ஹீமை உடைக்கும் நொதி தானே கூடுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த செய்தி. தேவைப்படும் இடத்திலேயே தயாராகிறது!

1929ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாத நோயாளிக்கு, பிலிரூபின் மிகுந்து உடல் மஞ்சளாகும் மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டுவலி தணிந்தது. காரணப் பொருளைத் தேடிப் போனவர் கடைசியில் அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்ற ஹார்மோனை வந்தடைந்தார், 1950ல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அந்த நோயாளியின் வலியைத் தணித்தது பிலிரூபின்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதற்காகக் காமாலையை யாரும் விருந்துக்கு அழைக்க வேண்டாம். பச்சிளங்குழந்தைக்குப் பிலிரூபின் அளவு மீறினால் மூளையே கெடும். அப்போது சும்மா வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெரியவர்களுக்குக் கண் மஞ்சளானாலும் காரணத்தைக் கண்டறிந்தே ஆக வேண்டும்.

பிலிரூபின் லேசாக மட்டும் கூடியிருப்பவர்கள் வேறு வகை. 1901ல் கில்பர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த மரபுத் தன்மை இது. இவர்களுக்கு இதயநோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் சொல்கின்றன. மரபணு ஆய்வுகள் பலவும் அதற்கு ஒத்துப்போகவில்லை, ஆகவே பெருமைப்பட அவசரம் வேண்டாம். ஆடி விரதமோ ரமலான் நோன்போ இருக்கும்போது இவர்களுக்கு அளவு இன்னும் ஏறும். அந்த நேரத்தில் கப்பல் வேலைக்கு மருத்துவச் சோதனை செய்துகொண்டு, தாளைப் பார்த்துப் பதறும் இளைஞர்கள் நம் பக்கத்தில் உண்டு. மொத்த அளவை மட்டும் பார்க்காமல் நேரடி (கல்லீரல் கரைய வைத்தது), மறைமுக (இன்னும் கரைய வைக்காதது) அளவுகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். மறைமுகம் மட்டுமே கூடி, கல்லீரல் நொதிகளும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தால் மருத்துவர் பெரும்பாலும் கில்பர்ட் என்றுதான் சொல்வார். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இரினோடெகன் போன்ற சில புற்றுநோய் மருந்துகள் இவர்கள் உடலில் மெதுவாகத்தான் வெளியேறும். மருந்தளவை முடிவு செய்யும் முன் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.