விண்ணப்பத்தில் எழுதிய வாழ்க்கை

நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்து நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலைக்கான நேர்காணலுக்கு எப்படி ஆயத்தமாவது என்பதைப் பற்றிப் பேச இந்த வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். அரசுடைமை வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றபின், எழுத்துத் தேர்வில் வென்று நேர்காணலுக்கு அழைப்புப் பெற்ற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி நேர்காணல் நடத்திவருகிறேன். அப்படிப் பல ஆண்டுகளாக மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்து கேட்டதில் என் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். நேர்காணலில் கேட்கப்படுபவற்றுள் பெரும்பகுதி நம்முடைய சொந்த வாழ்க்கையைப் பற்றியதாக இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் மிகக் குறைவாக ஆயத்தமாகிவரும் பகுதியும் அதுவாகவே இருக்கிறது.

முதலில், இன்று நேர்காணல் எங்கே நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு 2016 சனவரி முதல் நேர்காணல் கிடையாது. வங்கி எழுத்தர் பணிக்கும் கிடையாது. நம் மாநிலத்தின் குரூப் 4 பணிகளுக்கும் எழுத்துத் தேர்வு மட்டுமே. ஆனால் அரசுடைமை வங்கிகளுக்கான பொதுத் தேர்வு வழியிலான அதிகாரிப் பணிக்கு, அதாவது நம் பிள்ளைகள் பி.ஓ. தேர்வு என்று சொல்லும் தேர்வுக்கு, 100 மதிப்பெண்ணுக்கு நேர்காணல் உண்டு. முதன்மைத் தேர்வுக்கு எண்பது பங்கு, நேர்காணலுக்கு இருபது பங்கு என்று கணக்கிட்டு இறுதிப் பட்டியல் தயாராகிறது. நேர்காணலில் 40 விழுக்காடு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் 35 விழுக்காடு பெறாவிட்டால், எழுத்துத் தேர்வில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் இருந்தாலும் பட்டியலில் பெயர் வராது. ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு மட்டும் 275. இரண்டு ஆண்டுகள் இரவும் பகலும் படித்துப் பெற்ற மதிப்பெண்ணின் பயன், அரை மணி நேரத்துக்கும் குறைவான ஓர் உரையாடலில் தங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போது, அந்த உரையாடலுக்காகவும் உழைத்தாக வேண்டும் என்பது விளங்கும்.

நேர்காணல் குழுவின் முன்னால் மேசைமீது இருப்பது உங்கள் விவரப் படிவம். உங்களை அவர்கள் முன்பின் பார்த்ததில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும், இதைப் பற்றி என்னைக் கேளுங்கள் என்று நீங்களே அவர்களுக்குக் கொடுத்த அனுமதி. சொந்த ஊர், தந்தையின் தொழில், படித்த பாடம், இடையில் விடுபட்ட ஆண்டு, பொழுதுபோக்கு ஆகிய ஐந்தையும் நாம் அலுவலகப் படிவம் நிரப்புவதுபோல் நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் வாசித்தல் என்று எழுதியவரிடம், கடைசியாக வாசித்த புத்தகம் எது என்று கேட்டால் பதில் வருவதில்லை. அந்தப் பிள்ளை பொய் எழுதியதாக நான் நினைக்கவில்லை. பள்ளிக் காலத்தில் வாசித்திருப்பார். போட்டித் தேர்வு வந்தபின் வாசிக்க நேரம் கிடைத்திருக்காது. அப்படியானால் இப்போது உண்மையில் செய்வதை எழுதலாமே! மாலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதினால் அதைப் பற்றிப் பத்து நிமிடம் தடையின்றிப் பேச முடியும்.

இந்த இடத்தில், பெயரைச் சொல்லாமல், ஒரு தம்பியைப் பற்றி உங்களிடம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்தவர், பொறியியல் பட்டதாரி. பி.ஓ. முதன்மைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று மாதிரி நேர்காணலுக்கு வந்திருந்தார். பொருளாதாரம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் கையேட்டில் உள்ளபடி சரளமாகப் பதில் சொன்னார். அவருடைய படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் சுயதொழில் என்று இருந்தது. என்ன சுயதொழில் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சற்று நேரம் கழித்து, அப்பா உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறார் ஐயா என்று மெதுவாகச் சொன்னார்.

நான் அடுத்த கேள்வியாக, உப்பு எப்படி விளைகிறது என்று எனக்குச் சொல்லுங்கள் என்றேன். முதல் இரண்டு வாக்கியங்கள் தயங்கித் தயங்கி வந்தன. பிறகு அவர் குரலே மாறிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உவர்நீரை இறைத்து ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி வெயிலில் காயவிடுவதையும், நீரின் அடர்த்தியை மிதவைக் கருவி கொண்டு டிகிரிக் கணக்கில் அளப்பதையும் சொன்னார். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி இருக்கும். அது சுண்டிச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மெக்னீசியம் மிகுந்து உப்பு கசக்கும், ஈரமும் விடாது. ஆகவே அந்த நீரை வடித்து வெளியேற்றிவிட வேண்டும் என்றார். உப்பளத்தில் கால் வைத்த நேயர்கள் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனால் பட்டணத்தில் வளர்ந்த ஓர் அதிகாரி அந்த மேசையில் அமர்ந்திருந்தால், எந்தக் கையேட்டிலும் படித்திராத ஒன்றை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அன்று கற்றிருப்பார்.

பேச்சு அத்துடன் நிற்கவில்லை. வேலை ஆண்டு முழுவதும் உண்டா என்று கேட்டேன். சனவரி, பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் வரைதான் ஐயா. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மூன்று மாதம் கூலி கிடையாது, அப்போது வட்டிக்குத்தான் வாங்குவோம் என்றார். நீங்கள் ஒரு கிளையின் மேலாளரானால், உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் வீட்டுக் கூரையைச் சீராக்கக் கடன் கேட்டு வந்தால் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார். யோசித்த அந்த மௌனத்தில் அச்சம் இல்லை என்பதை நான் கவனித்தேன். பிறகு சொன்னார்: தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன் என்று படித்திருக்கிறேன், எங்கள் ஊரில் மழைக்காலம் ஏறக்குறைய அந்த 90 நாட்கள்தான், மாதத் தவணை போட்டால், நேர்மையாகக் கட்டிவருகிறவர்கூட சனவரியில் வாராக் கடன்காரர் ஆகிவிடுவார், குறுகிய காலப் பயிர்க் கடன் நிலுவைக்கு இரண்டு பயிர்ப் பருவம்வரை பொறுத்திருக்கும் வங்கி, உப்பளக் கூலிக்கும் விளைச்சல் மாதங்களில் சற்றுக் கூடுதலாகத் தவணை வைத்து மழை மாதங்களில் தவணையே விழாமல் அமைக்கலாம் அல்லவா என்றார்.

நேயர்களே, அந்த 90 நாள் விதி எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. அன்று வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அது தெரியும். தன் வீட்டு அடுப்பு அணைந்திருந்த மூன்று மாதங்களையும் அந்த விதியையும் அருகருகே வைத்துப் பார்க்க அவர் ஒருவரால் மட்டுமே முடிந்தது. எதை மறைக்க நினைத்துச் சுயதொழில் என்று எழுதினாரோ, அந்த இடத்தில்தான் அவருடைய மிகச் சிறந்த பதில் இருந்தது. படிவத்தில் உப்பளத் தொழிலாளி என்றே எழுதச் சொன்னேன், எழுதினார். பின்னர் உண்மையான நேர்காணலில் உப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்ததாம். அதற்குப் பதில் சொன்னபின் மற்றக் கேள்விகளுக்கும் குரல் நடுங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். அந்த ஆண்டே அவருக்கு வேலை கிடைத்தது.

ஏன் வங்கி வேலைக்கு வருகிறீர்கள் என்ற கேள்விக்கும் இதையே சொல்வேன். சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்ற விடையை ஒரே காலையில் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த வாக்கியம் யாருக்கும் உரியதாக இல்லை. ஒரு தங்கை, அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார், குழுவின் கணக்கு நோட்டை ஐந்து ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன், கடன் வாங்க வங்கிக்குப் போனபோதுதான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தோன்றியது என்றார். சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992ஆம் ஆண்டில் தொடங்கியது என்பதையும் தொடர்ந்து சொன்னார். வாழ்க்கை முன்னே வந்து, தகவல் அதன் பின்னே வந்ததால் இரண்டும் நம்பும்படியாக இருந்தன.

ஆகவே ஆயத்தம் என்பது முதலில் உங்கள் ஊரைப் பற்றியும், வீட்டுத் தொழிலைப் பற்றியும், படித்த பாடத்தைப் பற்றியும் முழு வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. வாய்விட்டு என்பதை மீண்டும் சொல்கிறேன். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதில் பயன் குறைவு. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். பாட்டியாக இருந்தாலும் போதும். புரியவில்லை என்று அவர் சொல்லும் இடத்தில்தான் உங்கள் விளக்கம் குறைபட்டிருக்கிறது. முதலில் தமிழில் சொல்லுங்கள். செய்தி தெளிவானபின் அதையே சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாகச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பலவற்றில், சொல்லவேண்டிய செய்தியே முடிவாகாமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். குடிமைப் பணி ஆளுமைத் தேர்வைத் தமிழிலேயே எதிர்கொள்ள வழி இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தெரியாத கேள்வி வந்தால், தெரியவில்லை ஐயா என்று நிமிர்ந்து சொல்லுங்கள். ஊகித்துச் சொன்னால் அடுத்த கேள்வி அந்த ஊகத்திலிருந்தே பிறக்கும். பிறகு அதிலிருந்து மீள முடியாது. காத்திருக்கும் அறையில், உள்ளே சென்று வந்தவரைச் சூழ்ந்துகொண்டு என்ன கேட்டார்கள் என்று விசாரிக்க வேண்டாம். அவரிடம் கேட்டது அவருடைய படிவத்திலிருந்து. உங்களுக்குரிய கேள்விகள் உங்கள் படிவத்தில் இருக்கின்றன.

நேரம் நெருங்குவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். உடை, சம்பளப் பேச்சு ஆகியவற்றை விட்டுவிட்டுச் சான்றிதழ்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன். மத்திய அரசு, வங்கிப் பணிகளுக்கு நம் மாநிலத்துப் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. கிரீமி லேயர், அதாவது பிற்படுத்தப்பட்டோருள் வசதி மிக்கோர் பிரிவில் வரவில்லை என்ற குறிப்புடன், மத்திய அரசின் படிவத்தில், அழைப்புக் கடிதம் சொல்லும் காலத்துக்குள் பெற்ற ஓ.பி.சி. எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயருமாக இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் நாட்கள் பிடிக்கும். அழைப்பு வரும்வரை காத்திராமல் நாளையே இ-சேவை மையத்துக்குச் செல்லுங்கள். வணக்கம்.