நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று

தருமபுரி வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் லாரியின் டர்போவைக் கழற்றிப் பார்த்தவர்கள், நான் பேசவிருக்கும் எந்திரத்தில் பாதியை ஏற்கெனவே கையில் ஏந்தியவர்கள். ஒரே தண்டின் ஒரு முனையில் காற்றை அமுக்கும் கம்ப்ரசர் சக்கரமும் மறுமுனையில் சூடான வாயுவால் சுழலும் டர்பைன் சக்கரமும் இருக்க, நடுவில் எரிகலன் ஒன்றை அமைத்துவிட்டால் அதுவே சிறிய கேஸ் டர்பைன் எஞ்சின். பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, லக்ஷ்யா என்னும் ஆளில்லா இலக்கு விமானத்தில் பொருத்திய எஞ்சின் 380 கிலோ உந்துவிசை தருவது. நான் சொல்லப்போவது அதைவிடச் சிறியதை, மாதிரி விமானங்களில் வைக்கும் அளவுள்ளதை.

நெருப்பை அடக்குவதுதான் இதில் கடினம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்டும், அதைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கும்தான்.

காற்று எவ்வளவு அமுங்கும் என்பதைச் சக்கர விளிம்பின் வேகமே முடிவு செய்வதால், சக்கரம் சிறுக்கச் சிறுக்கச் சுற்று கூடியாக வேண்டும். 66 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1,00,000 முறை சுழலும்போது விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் விரைகிறது. அது ஒலியின் வேகத்தை ஒட்டியது. அந்த விளிம்பில் இருக்கும் ஒரு கிராம் உலோகம் சுமார் 370 கிலோ எடையின் விசையோடு வெளியே இழுக்கிறது. அங்கே வெறும் 10 மில்லிகிராம் கூடுதலாக நின்றுவிட்டாலும், மூன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட விசை நொடிக்கு 1,600 தடவைக்கு மேல் திசை மாறிப் பேரிங்கை அடிக்கும். ஆகையால்தான் பேலன்சிங் செய்கையில் சக்கரத்தின் பின்புறத்தைத் துகள் துகளாக உரசி எடுக்கிறோம்.

இரண்டு சிறுமிகள் சுழற்றும் தாண்டு கயிறு நடுவில் வளைந்து நிற்பதைப் போல, எந்தத் தண்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வில்லாக வளையும். அந்த வேகம் ஓட்ட வேகத்துக்கு மேலே போய்விட வேண்டும் என்பதற்காகவே தண்டின் நடுப்பகுதியைப் பருமனாகக் கடைகிறார்கள்.

சிறிய எஞ்சினுக்கு இடைவெளியும் பகை. சக்கரத்தின் இதழ் நுனிக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் இடையிலான அரை மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டர் உயர இதழில் நூற்றில் அரைப் பங்கு. 5 மில்லிமீட்டர் இதழிலோ நூற்றில் பத்துப் பங்கு. அமுக்கிய காற்று அவ்வழியே பின்னோக்கிக் கசியும். டர்பைன் சக்கரத்தை நிக்கல் கலப்புலோகத்தில் மெழுகு வார்ப்பாக எடுக்கிறார்கள். ஐம்பொன் சிலை வார்க்கும் நம் ஸ்தபதிகளின் முறைக்கு அது நெருங்கிய உறவு என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இப்போது பேரிங்குக்கு வருகிறேன். உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள் இவையே அது. 150 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 0.18 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் குழாயோ அதே அளவு நீள்வதில்லை. எனவே ஒரு பேரிங்கின் வெளிவளையம் தன் இருப்பிடத்தில் வழுக்கி நகர வேண்டும். ஸ்பிரிங் அதை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த அழுத்தம் இருந்தால்தான் குண்டுகள் உருளும். இல்லாவிட்டால் வழுக்கித் தேயும்.

எங்கள் முதல் சோதனையில் அந்த இருப்பிடத்தை நானே சற்று இறுக்கமாகக் கடைந்துவிட்டேன். சில நிமிடங்களில் சீறல் ஒலி கீச்சொலியாக மாறியது. எரிபொருளை நிறுத்திய பிறகு தண்டைக் கையால் திருப்ப முடியவில்லை. பிரித்தபோது குண்டுகள் கருநீலமாகியிருந்தன; ஸ்பிரிங் வைத்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. எரிபொருளான மண்ணெண்ணெயில் உராய்வைக் குறைக்கக் கலந்த எண்ணெய் பேரிங் வரை வந்துதான் இருந்தது; வெளிவளையத்துக்கு நகர இடம் இல்லை, அவ்வளவுதான்.

பேரிங் அமரும் புதிய உறையை ஓசூரில் கிரைண்டிங் வேலையில் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்தேன். அவர் வளையத்தை உள்ளே வைத்து, சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்து, அது தயங்கித் தயங்கி நகர்ந்த பிறகே போதும் என்றார். அளந்தபோது 8 மைக்ரான் இடைவெளி, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் எட்டுப் பங்கு. அந்த உறையோடு அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பிரித்தோம். குண்டுகள் புதிதில் இருந்த வெண்மை மாறாமல் இருந்தன.